ஞாயிறு நாலு மணி ஏலம்

"இடது பக்கம்," என்றார் ஆபேல்.

ஜெபகனி வெள்ளைக் கையுறை போட்ட விரல்களால் எஞ்சினை இடது பக்கம் திருப்பினாள்.

"இனி அடிப்பக்கம்."

கவிழ்த்துக் காட்டினாள். மேசைக்கு மேலே ஒரு கம்பியில் மாட்டியிருந்த கைபேசி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைபேசியின் அந்தப் பக்கத்தில் நாற்பத்துமூன்று பேர் இருந்தார்கள். கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் புனேயிலும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, குழித்துறையிலிருந்து ஆபேல் நடத்தும் மாடல் ரயில் ஏலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்றால் அவர்களுக்கு வேறு சோலி கிடையாது. ஆபேலின் குரல் அவர்களுக்குத் தெரியும். அவர் மனைவி ஜெபகனியின் கைகள் தெரியும். அவள் முகத்தை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

ஏழாவது லாட் அது. நடுவில் ஓர் அறையும் முன்னும் பின்னும் நீண்ட மூக்குமாகப் பச்சை நிறத்தில் ஒரு சுவிட்சர்லாந்து மலை எஞ்சினின் மாதிரி. சேகரிக்கிறவர்கள் அதை முதலை என்பார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் செய்தது. ஆபேல் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது ஹாம்பர்க்கில் ஒரு பழைய சாமான் சந்தையில் வாங்கினார். அதன் அட்டைப்பெட்டிகூட மூலை மடங்காமல் இருந்தது. ஒரு சாண் நீளம்தான். ஆனால் இரும்புக்கட்டிபோலக் கனத்தது.

ஜெபகனியின் வலது பெருவிரல் வெள்ளிக்கிழமையிலிருந்து மடங்கவில்லை. அன்று மத்தியானம் மீன்குழம்பில் புளி கூடிப்போனதற்காக ஆபேல் அந்த விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்திருந்தார்.

விலை ஏறிக்கொண்டிருந்தது. ஆபேல் மென்மையான ஆங்கிலத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். உடம்பு எப்படி இருக்கிறது, பேரன் நலமா என்று இடையில் விசாரித்தார். முடிக்கும்போது மட்டும் தமிழுக்கு வருவார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவர் சொல்வது புனேக்காரர்களுக்கே மனப்பாடம்.

"ஒரு தரம்," என்றார். "கொஞ்சம் உயர்த்திக் காட்டு, ஜெபா."

மற்ற நேரங்களில் அவர் அவளை அப்படி அழைப்பதில்லை.

உயர்த்தினாள். பெருவிரல் பிடிக்கவில்லை. முதலை கையுறைத் துணியில் வழுக்கி, மேசை விளிம்பில் மோதி, தரையில் விழுந்தது. அதன் கூரைமேல் மின்கம்பியைத் தொடுவதற்காக இருந்த மெல்லிய மடக்குக் கை ஒடிந்து அலமாரிக்கு அடியில் தெறித்துப் போனது.

"ஒரு நிமிஷம், ஜென்டில்மென்," என்றார் ஆபேல். கைபேசியைக் கம்பியிலிருந்து கழற்றி, மேசைமேல் குப்புற வைத்தார். பிறகு அடித்தார்.

முதல் அடி காதில். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ பரவ, ஜெபகனி அலமாரியில் சாய்ந்தாள். அவர் மேசையிலிருந்து ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டை எடுத்தார். தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று, குனிந்த முதுகில் எண்ணாமல். அடிக்கும்போது ஆபேல் பேசமாட்டார். ஜெபகனியும் வாய் திறக்கமாட்டாள். கைபேசி குப்புறக் கிடந்தாலும் அதற்குக் காது உண்டு என்பது இருவருக்கும் தெரியும். அந்த அறையில் கேட்டதெல்லாம் இரும்பு துணியிலும் சதையிலும் விழும் சத்தமும் ஆபேலின் மூச்சும்தான். கொண்டையைப் பிடித்து அவள் முகத்தைத் தரையோடு அழுத்தி, அலமாரிக்கு அடியில் இருந்த இருட்டை விரலால் காட்டினார். தேடு, என்று உதடுகள் மட்டும் அசைந்தன.

பெனிஷ் அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்தான். அவர்களுடைய ஒரே மகன். துபாயில் ஏசி மெக்கானிக். ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தான், புதன்கிழமை விமானம். பெட்டியை எடைபோடும் தராசு மாடியில் இருக்கிறதா என்று கேட்க வந்தவன், வாசலில் நின்று பார்த்தான்.

அவன் கத்தவில்லை. அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு எட்டில் வந்து, அவரைத் தோளோடு பிடித்துத் தள்ளினான். ரயில் ஓடும் பெரிய மேசைக்கு இரும்புச் சட்டத்தால் கால் அடித்திருந்தது. அதன் மூலையில் ஆபேலின் பின்மண்டை மோதியது. மேசைமேல் இருந்த தண்டவாளங்கள் எல்லாம் ஒருமுறை கிணுகிணுத்தன.

ஆபேல் முழங்கால் மடங்கிச் சரிந்தார். ஒரு கையை உயர்த்தினார். அடிக்கவா தடுக்கவா என்று தெரியவில்லை. பெனிஷ் அவர் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றினான். பற்றியபடி நின்று மூச்சு வாங்கினான். திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

ஒரு சொல் சொல்ல அதில் நேரம் இருந்தது. வேண்டாம் மக்கா என்று சொல்லியிருக்கலாம். விட்டிரு என்று சொல்லியிருக்கலாம். தரையில் ஒரு கன்னத்தை வைத்துக் கிடந்தபடி ஜெபகனி மகனின் கண்ணைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பெனிஷ் அப்பாவை முன்னால் இழுத்து, அதே மூலையில் இரண்டாவது தடவை மோதினான்.

ஆபேல் எழுந்தார். அதுதான் பிறகு நினைக்கும்போதெல்லாம் ஜெபகனியைக் குளிர வைத்தது. மேசையைப் பிடித்து எழுந்து, நாற்காலியில் கிடந்த தோர்த்துத் துண்டைத் தலையில் சுற்றிக் கட்டினார். மகனையோ அவளையோ பார்க்கவில்லை. கைபேசியை எடுத்துக் கம்பியில் மாட்டினார்.

"மன்னிக்கணும். ஃபோன் கீழே விழுந்துவிட்டது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரல் அதே மென்மையோடு இருந்தது. "ஏழாவது லாட்டை இன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒரு சின்ன ரிப்பேர். எட்டாவது."

பிறகு ஜெபகனியைப் பார்த்துத் தலையசைத்தார். காட்டு.

அவள் எழுந்து, கழன்ற ஒரு கையுறையை மாட்டி, எட்டாவது லாட்டை எடுத்துக் காட்டினாள். ஒன்பதாவதையும் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் என்ன சத்தம் என்று கேட்கவில்லை. விலை சொன்னார்கள். சுவரோடு சாய்ந்து நின்ற பெனிஷ் மெல்ல வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். தோர்த்தில் காதுக்குப் பின்னால் ஒரு சிவப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது.

பதினோராவது லாட் ஒரு சாவி கொடுக்கும் தகர ரயில்.

"ஒரு தரம்," என்றார் ஆபேல். "ரெண்டு தரம்." நிறுத்தினார். "ரெண்டு தரம்." எச்சில் விழுங்கினார். "ரெண்டு தரம். ரெண்டு..."

மூன்று என்ற சொல் வரவில்லை. அதைத் தேடுவதுபோல ஜெபகனியைப் பார்த்தார். பிறகு தண்டவாளங்கள்மேல் வாந்தி எடுத்தார்.

ஜெபகனி கையுறையோடு கைபேசியை எடுத்து அணைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பெனிஷ் அழுதுகொண்டே காரை ஓட்டினான். "அப்பா, அப்பா" என்று இப்போதுதான் சொன்னான். பின் இருக்கையில் ஆபேலின் தலை ஜெபகனியின் மடியில் இருந்தது. கனமான தலை. முப்பத்தொரு வருடத்தில் அது அவள் மடியில் இருந்ததாக அவளுக்கு ஓர்மை இல்லை.

தலையில் அடி என்பதால் ஆஸ்பத்திரியில் போலீசுக்குச் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தபோது ஓர் ஏட்டு கையில் நோட்டோடு வந்தார். ஆபேலுக்கு அப்போது நினைவு இருந்தது.

"எங்ஙன அடிபட்டுது?" என்று ஏட்டு கேட்டார்.

சுவரோரமாக நின்ற பெனிஷ் ஓர் அடி முன்னால் வந்தான். ஜெபகனி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"ஸ்டூலில ஏறினேன்," என்றார் ஆபேல். நாக்கு தடித்திருந்தது. "அலமாரி மேல இருந்து ஒரு பெட்டியை எடுக்க. கால் வழுக்கிட்டு."

"வீட்டில வேற ஆளு உண்டா அப்போ?"

"மகன் கீழ இருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

ஏட்டு ஜெபகனியைப் பார்த்தார். "நீங்க பாத்தியளாம்மா?"

"பாத்தேன்."

"உங்களுக்க காது என்ன இப்பிடி வீங்கியிருக்கு?"

"பாத்ரூமில வழுக்கிட்டு."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். "ரெண்டு பேரும் ஒரே நாளில வழுக்கினியளா?"

"நான் வெள்ளியாழ்ச்ச," என்றாள் ஜெபகனி.

ஏட்டு சற்று நேரம் அவள் சேலைத் தலைப்பால் மூடியிருந்த கழுத்தைப் பார்த்தார். பிறகு எழுதி முடித்து, ஆபேலின் விரலைப் பிடித்து மையில் தொட்டுத் தாளில் பதித்துக்கொண்டு போனார்.

பெனிஷ் வராந்தாவுக்கு ஓடிப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். "எனக்காவ பொய் சொல்லிட்டாரு அம்மா. எனக்காவ." ஜெபகனி அவன் முதுகைத் தடவினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இதே ஆஸ்பத்திரியில், இதே வரிசை நாற்காலிகளில் அவள் எத்தனை முறை இருந்திருக்கிறாள். கை ஒடிந்தபோது கிணற்றடியில் வழுக்கினேன். விலா எலும்பு விரிசல் விட்டபோது மாடிப்படியில் வழுக்கினேன். பல் போனபோது என்ன சொன்னாள் என்றுகூட மறந்துவிட்டது. அவள் முப்பத்தொரு வருடம் சொன்னதை அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு தடவையில் மகன் உருகிப்போய் நிற்கிறான்.

தீவிர சிகிச்சை அறைக்குள் விட்டபோது ஆபேலுக்கு நினைவு போய்விட்டிருந்தது. வலது கை மட்டும் விரிப்பின்மேல் அசைந்துகொண்டிருந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்பின. ஜெபகனிக்கு அது என்ன என்று உடனே தெரிந்தது. ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கறுப்புத் திருகு. ஒரு வண்டியை ஸ்டேஷனுக்குள் கொண்டுவருகிறார்.

கப்பல் வேலையை விட்டு வந்த வருடம், மேசைமேல் தண்டவாளம் போட்டு முடித்த அன்று, அவர் அவளை மாடிக்குக் கூப்பிட்டு அந்தத் திருகில் அவள் விரலை வைத்தார். தன் விரலை அதன்மேல் வைத்து, மெதுவா, மெதுவா என்றார். வண்டி குகைக்குள் போய் வெளியே வந்தது. உள்ளே சின்ன விளக்குகள் எரிந்தன. அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். "ஒனக்கு கை நல்லா நிக்குது," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் பிறகு ஏலத்தில் கையுறை மாட்டி நிற்கச் சம்மதித்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு விரல்கள் நின்றன.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டு முன்னறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த ஆபேல் கண்ணாடிப் பெட்டிக்குள் கோட்டும் டையும் கட்டிக் கிடந்தார். தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. சபையிலிருந்து வந்த பெண்கள் பாய்களில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். ஆபேலின் அக்கா யேசுரத்தினம் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். எழுபது வயதிலும் குரல் தளராதவள்.

"எனக்க தம்பி ஒரு எறும்பை மிதிச்சதில்ல," என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் ஜெபகனியின் காதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள்.

பத்து மணிக்கு ஒரு காரில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். ஏலக் குழுவில் இருந்தவர்கள். ஊர் ஊராகச் சேர்ந்து விடிகாலையில் புறப்பட்டு வந்திருந்தார்கள். பெட்டியின்மேல் மலர்வளையம் வைத்தார்கள். கொச்சிக்காரர் ஒருவர் உண்மையாகவே அழுதார். தன் எஞ்சினின் மோட்டார் ஓடாமல் போனபோது ஆபேல் இரண்டு மணி நேரம் கைபேசியில் இருந்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றச் சொல்லிக்கொடுத்தாராம். "நான் மூணு தடவை தப்பாச் செய்தேன்," என்றார் அவர் மலையாளம் கலந்த தமிழில். "ஒரு கடுத்த வாக்கு பறஞ்சில்ல. அந்தப் பொறுமை யாருக்கு வரும்?"

ஜெபகனி தலையாட்டினாள். அது பொய்யில்லை. அவளே அன்று பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுபோய் வைத்தாள். அந்த இரண்டு மணி நேரமும் அவர் முகம் குழந்தைக்குச் சோறூட்டுகிறவருடைய முகம்போல இருந்தது.

ஐந்து பேரில் தேவகுமார் நாகர்கோவில்காரர். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குழுவின் கணக்குவழக்கெல்லாம் பார்ப்பவர். வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கைகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து, அண்ணனுக்க அந்த அறையைக் கடைசியா ஒரு தடவை பாக்கணும் என்றார். ஜெபகனி அவரை மாடிக்கு அழைத்துப் போனாள்.

கதவைத் திறந்ததும் அவர் பெருமூச்சு விட்டார். மூன்று சுவரிலும் கண்ணாடி அலமாரிகள். எஞ்சின்கள், பெட்டிகள், சரக்கு வண்டிகள், வரிசை வரிசையாக. தேவகுமார் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். மேசையின் இரும்பு மூலைக்கு வந்தபோது நின்றார். ஜெபகனி அதைத் துடைத்திருந்தாள்.

"அக்கா, ஒரு காரியம் பறயணும்," என்றார். "பின்னால தகராறு வரப்பிடாதேன்னு எல்லா ஏலத்தையும் நான் ரெக்கார்டு பண்ணி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை உள்ளதும் இருக்கு."

ஜெபகனி சேலைத் தலைப்பைக் கழுத்தில் இழுத்து மூடினாள்.

"ஃபோன் கமந்து கிடந்தாலும் சத்தம் கேக்கும்லா. படி ஏறி வந்த காலு சத்தமும் கேட்டுது, அதுக்குப் பெறகு ரெண்டு இடியும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் யாருகிட்டயும் சொல்லல்ல. சொல்லவும் மாட்டேன். அண்ணனுக்க பேரு இருக்கு. பெனிஷுக்க வாழ்க்கை இருக்கு." அலமாரிக் கண்ணாடியில் ஒரு விரலை வைத்தார். "இந்தக் கலெக்‌ஷனை ஆளாளுக்குப் பிரிச்சு விக்கப்பிடாது. பாவம், அண்ணன் ஆயுசு பூரா சேத்தது. ஒரே கையில இருக்கணும். நானே எடுத்துக்கிடுதேன். ஒரு நியாயமான விலையில முடிச்சிரலாம். அன்னைக்கே அந்த ரெக்கார்டையும் அழிச்சுப்போடுதேன்."

"அழிக்காண்டாம்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

பெனிஷ் நின்றுகொண்டிருந்தான். இரண்டு நாளாக அவன் தூங்கவில்லை, தின்னவில்லை. தேவகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெனிஷ் அவர் கழுத்தைப் பிடித்து அலமாரியோடு சாய்த்தான். கண்ணாடி உடைந்து அவர் தோளில் கொட்டியது. மேல்தட்டிலிருந்து இரண்டு எஞ்சின்கள் சரிந்து விழுந்தன. பெனிஷ் முழங்கையால் அவர் மூக்கில் ஒன்று கொடுத்தான். ரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. கீழே விழுந்த ஓர் எஞ்சினைக் கையில் எடுத்து அவர் தலைக்கு மேலே ஓங்கினான்.

"பெனிஷே!" என்றாள் ஜெபகனி.

அவன் தேவகுமாரை விட்டான். எஞ்சினைச் சுவரில் விட்டெறிந்தான். சக்கரங்கள் நாலாபக்கமும் சிதறின.

"போய்ச் சொல்லும் ஓய்! ஓமக்கு எதுக்கு ரெக்கார்டு? நானே சொல்லுதேன். எனக்க அப்பாவ நான்தான் கொன்னேன். ஒரு தடவையில்ல, ரெண்டு தடவை இடிச்சேன். கீழ எல்லாரும் இருக்காவல்லா, இப்பமே சொல்லுதேன்."

கீழே பாட்டு தளர்ந்தது. பெனிஷ் படிக்கட்டை நோக்கித் திரும்பினான்.

ஜெபகனி அவன் முன்னால் போய் நின்று அடித்தாள்.

அவள் யாரையும் அடித்ததில்லை. பெனிஷ் சிறுபிள்ளையாக இருந்தபோதுகூட அவன்மேல் கை வைத்ததில்லை. ஆனால் எங்கே போய் விழ வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. காதும் தாடையும் சேரும் இடம். மணிக்கட்டைத் தளர விடாமல், தோளிலிருந்து. பெனிஷின் தலை ஒரு பக்கம் திரும்பிப் போனது. மடங்காத பெருவிரலிலிருந்து முழங்கைவரை அவளுக்கு வலி ஏறியது.

அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். படிக்கட்டுப் பக்கம் அசையவில்லை. இரண்டாவது அடிக்கு அவசியம் இருக்கவில்லை. அவள் அடித்தாள்.

"ஏட்டி ஜெபகனி!" கீழேயிருந்து யேசுரத்தினத்தின் குரல் வந்தது. "மேல என்னட்டி சத்தம்?"

ஜெபகனி படிக்கட்டின் மேல்படிக்கு வந்தாள். கீழே இருந்த முகங்கள் எல்லாம் மேலே பார்த்தன.

"ஒண்ணுமில்ல மைனி. அலமாரிக் கண்ணாடி உடஞ்சு விழுந்துபோச்சு."

யேசுரத்தினம் அவளைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணின் முழங்காலைத் தட்டினாள். பாட்டு மறுபடி தொடங்கியது.

அறைக்குள் தேவகுமார் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றார். பெனிஷ் உடைந்த கண்ணாடிக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இதுக்கு முந்தி உள்ள ரெக்கார்டும் இருக்கா?" என்று ஜெபகனி கேட்டாள்.

"எது?"

"முந்தின ஏலத்துக்க உள்ளது."

"நாலு வருசத்துக்க உள்ளதும் உண்டு," என்றார் தேவகுமார். சொன்ன பிறகுதான் அவள் எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது.

"ஞாயிற்றுக்கிழமையா ஃபோன் மொத மொதலா கமந்துது?" என்றாள் ஜெபகனி. அவள் குரல் உயரவில்லை. "மூணு நாலு தடவை இருக்கும். ஒரு தடவை நான் சத்தம் போட்டுட்டேன்கூட. தண்ணி குடிச்சது புரையேறிட்டுன்னு அவரு உங்ககிட்ட சொன்னாரு. நீங்க எல்லாரும் சிரிச்சிய. பின்னே விலை சொன்னிய."

"அக்கா, அது குடும்பக் காரியம், நாங்க எங்ஙன..."

"ஒண்ணையும் அழிக்காண்டாம். பத்திரமா வச்சுக்கிடுங்க. போலீசு கேட்டா நாலு வருசத்துக்க உள்ளதையும் சேத்துக் குடுங்க. யாரு என்ன செய்தான்னு அவிய எல்லாத்தையும் கேக்கட்டும். யாரு கேட்டுட்டு இருந்தான்னும் கேக்கட்டும்."

தேவகுமார் அலமாரியைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"நான் அப்பிடி நினைச்சுப் பறயல்ல அக்கா."

"இதுகள விக்கத்தான் செய்வேன். ஏலத்தில விப்பேன், நாலு மணிக்கு. உங்களுக்கு வேணும்னா எல்லாரையும்போல விலை கேளுங்க." அவள் ஒதுங்கி வழி விட்டாள். "பின்பக்கம் குழாய் இருக்கு. முகத்தைக் கழுவிட்டு முன்னால போங்க."

அவர் போன பிறகு அவள் குனிந்து பெரிய கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டாள். பெனிஷ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழும்பு," என்றாள். "பெட்டி தூக்க ஆளு வேணும்."

பதினோரு மணிக்கு எடுத்தார்கள். கல்லறைத் தோட்டம் ஆற்றுக்குப் போகும் சாலையில் இருந்தது. பெனிஷ் தலைமாட்டில் வலது பக்கம் தோள் கொடுத்தான். போதகர் ஜெபம் சொல்லி முடித்ததும் ஜெபகனி ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். மரப்பெட்டியில் மண் விழுந்த சத்தம் கேட்டது. பெனிஷ் மண்ணை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். யாரோ அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கவிழ்த்துவிட வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது அடுத்த வீட்டிலிருந்து கஞ்சியும் பயறும் வந்திருந்தன. பந்தலில் எல்லாருக்கும் கிண்ணத்தில் ஊற்றி விளம்பினார்கள். ஏலக் குழுக்காரர்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து அப்படியே போய்விட்டிருந்தார்கள். யேசுரத்தினம் ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் இரண்டு பப்படமும் எடுத்து வந்து அடுக்களையில் பெனிஷ் முன்னால் வைத்தாள். அவன் தாடையை உற்றுப் பார்த்தாள்.

"பிள்ளைக்க முகம் அழுது அழுது வீங்கிப்போச்சு," என்றாள்.

அவளாகவே அப்படிச் சொல்லிவிட்டு, ஜெபகனியின் கையில் இன்னொரு கிண்ணத்தைக் கொடுத்து, தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே போனாள். கதவையும் சாத்திக்கொண்டு போனாள்.

அம்மாவும் மகனும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டாமத்த தடவை," என்றான் பெனிஷ். நிறுத்தினான். "அதுக்கு முந்தி நான் ஒன்னப் பாத்தேன் அம்மா."

"நானும் பாத்தேன்."

"நீ ஒண்ணும் பறயல்ல."

"இல்ல," என்றாள் ஜெபகனி.

அவன் கஞ்சிக் கிண்ணத்தை அருகே இழுத்தான். பிறகு கரண்டியை எடுத்தான். ஒரு வாய் வைத்து, வலது பக்கமாக மட்டும் மென்றான். பயறு ஒன்று இடது பக்கம் போனபோது கண்ணை மூடிக்கொண்டான்.

ஜெபகனி அவன் கிண்ணத்து ஓரத்தில் இருந்த பப்படத்தை எடுத்தாள். துண்டு துண்டாக ஒடித்துத் தன் கஞ்சியில் போட்டு, கரண்டியால் அமுக்கிப் பிடித்தாள். அது ஊறும்வரை இருந்தாள். நன்றாகக் குழைந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அவன் கிண்ணத்தில் வலது பக்கமாக வைத்தாள்.